நான் எண்ணத் தவறிய நாலாவது அலை

பங்குச் சந்தை வரைபடம் பார்த்துப் பிழைப்பவன் சொன்னது பலித்தால் அதிர்ஷ்டக்காரன், தவறினால் அயோக்கியன். இதே பாடு படுகிற சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா? தி.நகரில் ஒரு பங்குத் தரகு அலுவலகத்தில் ஒன்பது வருஷமாக எனக்கு இதுதான் வேலை.

மேனேஜரின் யோசனை

விலை பெரும்பாலும் ஐந்து அலையாக ஏறும்: மூன்று ஏற்றம், நடுவே இரண்டு இறக்கம். பிறகு பெரிய சரிவு. இதைச் சனிக்கிழமைகளில் வாடிக்கையாளர்களுக்கு வகுப்பெடுக்க அனுமதி கேட்டேன். மேனேஜர் சேஷாத்ரி காபி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: “அலை பார்க்கணும்னா பெசன்ட் நகர் பீச்சுக்குப் போகச் சொல்லேன், ஏசியாவது மிச்சமாகும்.”

கோட்டுக்கு மேலே

கேலி செய்தாலும் மேனேஜர் அனுமதித்தார். வகுப்புக்கு வந்த ஏழு பேரில் செல்வி அக்காவும் ஒருவர். ராயப்பேட்டையில் தள்ளுவண்டி டிபன் வியாபாரம். சொந்தக் கடை பிடிக்கச் சேர்த்ததில் பாதியை ஒரு பம்ப் கம்பெனிப் பங்கில் போட்டிருந்தார். அது கொஞ்சம் ஏறிவிட்டு மளமளவென்று இறங்கியது. விற்றுவிட வந்தார்.

இது இரண்டாவது அலை, ஏற்றம் தொடங்கிய விலைக்குக் கீழே போகாதவரை பயமில்லை, போனால் என் கணக்கு தப்பு, உடனே விற்றுவிடுங்கள் என்று கோடு போட்டுக் காட்டினேன். அப்புறம் நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் அக்காவிடமிருந்து போன்: “சார், நீ போட்ட கோட்டாண்ட வந்து நின்னுட்டு, திரும்பி மேல போய்க்கினு கீது.”

பள்ளம்

சில மாதத்தில் அந்தப் பங்கு எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. மேனேஜரே வாங்கினார். மூன்றாவது அலைதான் ஓடுகிறது, இன்னும் ஏறும் என்று நானும் அடித்துச் சொன்னேன். அன்றைக்குப் பார்த்து செல்வி அக்கா எல்லாவற்றையும் விற்க வந்தார். ஏன் என்றேன். திரையில் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“இன்னா சார், நடுவுல ஒரு பள்ளம் கீதே, அத்த எண்ணாம உட்டுட்டியே? இது அஞ்சாவது.”

டிபன் கடையில்

சரிபார்த்தேன். அக்கா சொன்னதுதான் சரி. நான் ஒதுக்கிய பள்ளம்தான் நாலாவது அலை. அன்றே விற்றார். பத்து நாளில் பங்கு சரிந்தது. ராயப்பேட்டையில் ஆறு மேஜை போட்டுக் கடை திறந்தார். முதல் நாள் போயிருந்தேன். எனக்கு முன்பே மேனேஜர் உட்கார்ந்திருந்தார். இட்லித் தட்டை ஓரம் தள்ளி, வேறொரு பங்கின் வரைபடத்தை விரித்து, பணிவாகக் கேட்டார்: “அக்கா, இதுல இப்ப எத்தனாவது அலை?”

வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது, இப்போது ஆபீஸில் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதைத் தவிர.