பெரிய டிரம் போன இடங்கள்

பள்ளிக்கூடத்தில் எந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லையோ அந்த வேலைக்குப் பெயர்தான் பி.டி. டீச்சர் வேலை. என்னைப் போல விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்தில் காய்ந்தவர்களுக்கு இது தெரியும். மரக்கன்று நடுவதும் நாம்தான், போதை ஒழிப்பு ஊர்வலத்தில் தொண்டை கட்டுவதும் நாம்தான், மழை வந்தால் கணக்கு டீச்சர் பிடுங்கிக்கொள்வதும் நம்முடைய பீரியடைத்தான். நான் தருமபுரத்திலிருந்து தினம் பஸ் பிடித்து அம்பகரத்தூர்ப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறவள். இந்த வருஷம் எங்கள் பிள்ளைகளின் பேண்டு வாத்தியத்துக்கும் நானே பொறுப்பு.

தோள் தேடிய டிரம்

எங்கள் பிரதேசத்துக்கு ஆகஸ்டு பதினைந்து மட்டும் போதாது. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து விடுபட்ட நவம்பர் முதல் தேதியும் எங்களுக்கு விடுதலை நாள்தான். அன்றைக்குக் காரைக்கால் கடற்கரைச் சாலையில் பள்ளிக்கூடங்கள் அணிவகுத்துப் போகும். நாங்களும் போவோம், ஆனால் முன்னால் போகிற பள்ளியின் பேண்டுச் சத்தத்துக்குக் கால் எடுத்து வைத்தபடி. சொந்த பேண்டோடு ஒரு தடவையாவது போக வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. ஊர் கூடி வசூல் செய்து சைடு டிரம்களை வாங்கிக் கொடுத்தது. உரக்கடை வைத்திருந்த கலியபெருமாள் ஐயா பெரிய டிரம்மைத் தனியாக வாங்கிக் கொடுத்தார்.

பையன்கள் எல்லாரும் சைடு டிரம்மில் போய் ஒட்டிக்கொண்டார்கள். விரல் வித்தை காட்ட அதில்தான் இடம் உண்டாம். பெரிய டிரம்மைச் சீந்துவாரில்லை. ஒன்பதாம் வகுப்பு பவித்ரா வந்து நின்றாள். டிரம்முக்குப் பின்னால் அவள் தலை மட்டும்தான் தெரிந்தது. “தூக்க முடியுமா உன்னால?” என்று கேட்டேன். வாரைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள்: “நாத்துக்கட்டு தூக்குற தோளு டீச்சர். இதுக்குள்ள வெறும் காத்துதானே இருக்கு.”

வசூல் கொடுத்தவர்கள்

ஊர்ப் பணத்தில் ஒரு பொருள் வாங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரேஷன் கடைக்குப் புதுக் கட்டடம் திறந்தார்கள், பேண்டைக் கூப்பிட்டார்கள். நின்று போயிருந்த பஸ் மறுபடி வந்தது, அதற்கும் பேண்டு. வண்டியை விட்டு இறங்கிய டிரைவர், யாருக்கு வரவேற்பு என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். சிரித்தேனே தவிர எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பவித்ரா அடியில் பிசகமாட்டாள். அவளுடைய அடிதான் மற்றப் பிள்ளைகளுக்குக் கால்.

ஒரு நாள் ஒருவர் வெற்றிலை பாக்குத் தட்டோடு மைதானத்துக்கே வந்துவிட்டார். மகளுக்கு மஞ்சள் நீராட்டு, பேண்டு வேண்டுமாம். இது படிக்கிற பிள்ளைகளின் வாத்தியம், வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் அனுப்ப முடியாது என்று எங்கள் தலைமையாசிரியை தன்மையாகச் சொன்னார். தட்டோடு வந்தவருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. “வசூல் கேட்டு வந்தப்ப மட்டும் எங்க வூடு கண்ணுக்குத் தெரிஞ்சிச்சா? ஒரு நா எங்க வாசல்ல அடிச்சா டிரம்மு தேஞ்சா போயிடும்?” என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

வேலிக்கு அந்தப் பக்கம்

கலியபெருமாள் ஐயா தினமும் சாயங்காலம் மைதானத்து வேலிக்கு அந்தப் பக்கம் மொபெட்டை நிறுத்திவிட்டு நின்று கேட்பார். உள்ளே வாருங்கள் என்றால் வரமாட்டார். சரியாக அடித்தால் தலை ஆடும், தப்பாக அடித்தால் மொபெட்டைக் கிளப்பிவிடுவார். பிள்ளைகள் என்னைப் பார்த்ததைவிட அவர் தலையைப் பார்த்து அடித்ததுதான் அதிகம். புரட்டாசி மாதத்தில் ஒரு காலை, கடையைத் திறக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார்.

பிள்ளைகள் தாங்களாகவே வந்து கேட்டார்கள். அவர் வாங்கிக் கொடுத்த டிரம், அவரை வழியனுப்ப அடிக்க வேண்டும் என்றார்கள். தலைமையாசிரியை கொஞ்சம் யோசித்து, சீருடையோடு தெருமுனை வரைக்கும் போய் வரலாம் என்றார். முதலில் வாரை மாட்டியவள் பவித்ரா. நடையைக் குறைத்து, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் மூச்சு விட இடம் வைத்து அடித்துக்கொண்டு போனாள். ஊரே அழுதது, நானும் அழுதேன். எங்கள் பிள்ளைகள் செய்ததிலேயே இதுதான் நல்ல காரியம் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். தெருமுனையில் ஐயாவின் மகன் என் முன்னால் கைகூப்பினார். “மாலை, வேட்டு எல்லாம் நாங்க வச்சதுங்க டீச்சர். அப்பா காது குடுத்துக் கேட்டிருப்பாருன்னா, இந்தப் புள்ளைங்க அடிச்சத மட்டுந்தான்.”

அம்மன் புறப்பாடு

நவராத்திரி கடைசி நாள் அம்மன் புறப்பாட்டுக்கு முன்னால் எங்கள் பேண்டு போவதாக ஏற்கெனவே பேச்சு. கோயில் தர்மகர்த்தா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கோபமாகக்கூட வரவில்லை, ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். சாவுக்கு அடித்த டிரம்மை அம்மனுக்கு முன்னால் அடிக்க முடியாதாம். வேண்டுமானால் சைடு டிரம் மட்டும் வரட்டுமாம். சைடு டிரம்களும் அதே சாவுக்குத்தானே வந்தன என்று கேட்டேன். அது பரவாயில்லையாம். சைடு டிரம் வாசித்தவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள், பெரிய டிரம் அடித்தவள் எந்தத் தெரு என்று யோசித்த பிறகுதான் எனக்கே விளங்கியது. “டிரம்ம நல்லாக் கழுவிட்டே கொண்டு வர்றோம்” என்று சும்மாவாவது சொல்லிப் பார்த்தேன். அவர் எழுந்துகொண்டே சொன்னார்: “தோலைக் கழுவிடலாம் டீச்சர். ஊர் வாயை நான் எப்புடிக் கழுவுறது?”

செல்வி வந்தார்

இரண்டு நாள் கழித்து பவித்ராவின் அம்மா செல்வி, நடவு வயலிலிருந்து காலில் சேறு காயாமல் நேரே வந்தார். மகள் டிரம் அடித்துப் போவதைக் காரைக்காலில் பார்க்க வேண்டும் என்று நவம்பர் முதல் தேதி வேலைக்கு வரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தவர் அவர். கலியபெருமாள் ஐயா இறந்த அன்று பக்கத்து ஊரில் நடவுக்குப் போயிருந்ததால், மகள் அடித்ததே பிறகுதான் அவருக்குத் தெரியுமாம். இனிமேல் அவள் வரமாட்டாள் என்றார்.

அவருடைய மாமனார் காலம் வரைக்கும், ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் இவர்கள் போய் மேளம் அடித்தாக வேண்டும். வரமுடியாது என்று ஒரு நாள் சொன்னவர் அந்த மாமனார்தானாம். அதற்காகக் கொஞ்ச நாள் இவர்களுக்கு வயல் வேலைகூடக் கிடைக்கவில்லையாம். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பேண்டு வேறு, அது வேறு அம்மா என்று ஏதோ சொன்னேன். சொல்லும்போதே என் பேச்சு எனக்கே பிடிக்கவில்லை. செல்வி அழவில்லை. “ஒங்களுக்கு வேறங்க டீச்சர். நடவு வயல்ல என்னாண்ட வந்து, ‘தாத்தா போட்டத பேத்தி எடுத்துட்டா போல’ன்னு கேட்டு சிரிக்கிறாளுங்க.”

நவம்பர் முதல் தேதி

பெரிய டிரம்முக்கு வேறு ஆள் தேடினேன். சைடு டிரம் பையன்களில் இரண்டு பேர் சரி என்றார்கள். மறுநாளே வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் அது இல்லாமலே போனோம். கடற்கரைச் சாலையில் சைடு டிரம்கள் சடசடவென்று அடித்துக்கொண்டு ஓடின. மேடைக்கு முன்னால் வரும்போது பாதிப் பிள்ளைகளுக்கு வலது கால், பாதிப் பிள்ளைகளுக்கு இடது கால். ஆனாலும் ஒலிபெருக்கியில் எங்களைப் புகழ்ந்தார்கள், ஊர்க்காரர்கள் கை தட்டினார்கள்.

கூட்டத்தில் பவித்ராவைப் பார்த்தேன். செல்வி, சொன்னபடியே வேலைக்குப் போகாமல் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். எப்படி இருந்தது என்று பவித்ராவிடம் அசட்டுத்தனமாகக் கேட்டேன். அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “எல்லாரும் காலு மாத்தி மாத்தி வச்சாங்க டீச்சர். வூட்டுக்குப் போவலாம்மா.”

பள்ளியும் ஊரும் ஒன்றாக நின்ற வருஷம் என்று ஆண்டறிக்கையில் ஒரு வரி எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள், ஒன்றாக நின்றதென்னவோ மெய்தான், பேண்டுக்கே கால் கொடுத்த பெண்ணை மட்டும் வெளியே நிறுத்திவிட்டு.