உழைக்காத காலில் ஒரு காய்ப்பு

கல்யாணத்தன்று அக்னியைச் சுற்றி வந்தபோது என் கணவரிடம் எனக்குத் தெரிந்தது அவருடைய குதிகால்கள் மட்டும்தான். தலையைக் குனிந்தபடியே நட என்று அம்மா சொல்லியிருந்தாள். சொன்னதைச் செய்கிறவள் நான். மூன்று சுற்றும் அந்தக் குதிகால்களையே பார்த்துக்கொண்டு நடந்தேன். குதிகாலுக்கு மேலே பின்பக்கமாக ஏறும் கெட்டி நரம்பு இரண்டு கால்களிலும் தடித்து, நடுவில் புளியங்கொட்டை ஒன்றை உள்ளே வைத்துத் தைத்ததுபோலப் புடைத்திருந்தது.

கல்யாணமான சில வாரங்களில், துணி மடித்துக்கொண்டிருந்த மாமியாரிடம் அதைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா? உழைச்ச காலுடி அது" என்றார் பெருமையாக. "எங்க வூட்டு ஆம்பளைங்க எல்லாருக்கும் உண்டு. உங்க மாமனாருக்கு இதவிடப் பெருசு. சேத்துல நின்னு நின்னு காய்ச்சுப்போனது."

மாமனாரை நான் பார்த்ததில்லை. பாகூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் பயிர் வைத்தவர். ஒருநாள் கரும்பு வெட்டு முடிந்து வந்தவர் நெஞ்சை அடைக்கிறது, கேஸ்தான் என்று சொல்லி மாத்திரை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லை. அவருடைய அண்ணனும் அப்படித்தான், இன்னும் சின்ன வயதில். இரண்டு பேருடைய படங்களும் எங்கள் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன. இருவருக்கும் தலை நரைக்கவில்லை. உழைத்தே தேய்ந்துபோனார்கள் என்று வீட்டில் சொல்வார்கள். நானும் அப்படியே நம்பினேன்.

என் மகள் பிறந்து நடக்க ஆரம்பித்த பிறகு அந்தக் காய்ப்புக்கு ஒரு வேலை கிடைத்தது. அவர் குப்புறப் படுத்து டிவி பார்க்கும்போது அவள் அவர் காலின் மேல் ஏறி உட்கார்ந்து புடைப்பைக் கட்டை விரலால் அழுத்துவாள். அழுத்தினால் அவர் பஸ் ஹாரன் மாதிரி கத்தவேண்டும். அவளுக்கு அது அப்பாவின் பட்டன். மதகடிப்பட்டில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போகிற பஸ் ஒவ்வொரு சாயங்காலமும் எங்கள் கூடத்திலிருந்துதான் புறப்படும்.

அவளுக்கு ஐந்து வயது முடிந்த சமயம். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது கொலுசின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தேன். தன் குதிகாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு எப்பம்மா பட்டன் மொளைக்கும்?" என்றாள்.

சிரித்துவிட்டு அனுப்பினேன். வேன் திரும்பி மறைந்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். இவர் சேற்றில் இறங்கியதே கிடையாது. புருஷனைப் பறிகொடுத்த என் மாமியார் மகனை வயல் பக்கமே விடவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவரைப் படிக்கவைத்தார். மூலக்குளத்தில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவருக்கு எதனால் காய்க்கும்? விலங்கியல் படித்த எனக்கு இந்தக் கேள்வி வர ஆறு வருஷம் ஆனது. அப்பாவுக்கும் மகனுக்கும் அது வந்திருக்கிறது என்றால் என் மகளுக்கும் வருமா? அது வந்தவர்கள் எல்லாரும் ஏன் நரைக்காமலே போனார்கள்?

எங்கள் டாக்டர் பாகூர் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். சுற்று வட்டாரக் காய்ச்சலெல்லாம் அவர் கையில்தான் தணியும். என்னையும் அவருக்கு நன்றாகத் தெரியும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நுழைந்தாலே, "இன்னிக்கு புள்ளைக்கு ஜுரமா, உனக்கு பயமா?" என்பார். அதனாலேயே கேட்கக் கூச்சமாக இருந்தது. இரண்டு முறை போய், கேட்காமல் இருமல் மருந்தோடு திரும்பினேன். மூன்றாவது முறை வாசல் வரை வந்து செருப்பு மாட்டிவிட்டு, மறுபடி கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

"டாக்டர், ஒன்னு கேக்கணும். தப்பா நெனைக்காதீங்க."

"நீ தப்பா நெனைக்காதீங்கன்னு ஆரம்பிச்சாலே எனக்கு பிபி ஏறுதும்மா. கேளு."

குதிகாலைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே, "வண்டி கிக்கர் பட்டிருக்கும்" என்றார்.

"அவரு வண்டிக்கு செல்ஃப் ஸ்டார்ட்டு டாக்டர்."

"அப்ப கொல்லையில, கழனியில வேலை செஞ்சது."

"கொல்லை எந்தப் பக்கம் இருக்குதுன்னே அவருக்குத் தெரியாது."

"சரி, எந்தக் கால்ல?"

"ரெண்டு கால்லயும். மாமனாருக்கும் இருந்துச்சாம். அவரு அண்ணனுக்கும்."

பேனாவைக் கீழே வைத்தார். அவர் பேனாவை வைத்து நான் பார்த்ததே இல்லை. "நாளைக்கு அவன இட்டுக்கினு வா" என்றார்.

மறுநாள் என் கணவர் ஸ்டூலில் ஒரு முழங்காலை ஊன்றி, பின்பக்கம் காட்டி நின்றார். டாக்டர் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காய்ப்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். அசைத்தார். பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொன்னார். அது தோலோடு நகராமல் நரம்போடு சேர்ந்து ஏறி இறங்கியது.

"டேய், இது காய்ப்பு இல்லடா" என்றார் மெதுவாக. பிறகு என்னைப் பார்த்து, "உங்கிட்ட மறைக்க இன்னா இருக்குது. போன மாசம் எங்கள மாதிரி குடும்ப டாக்டருங்களுக்கு டவுன்ல ஒரு வகுப்பு வச்சாங்க. பரம்பரையா வர்ற இதய வியாதிங்களப் பத்தி. இதயத்துக்கு பார்க்குற பெரிய டாக்டர் பேசினாரு. மத்தியானம் பிரியாணி. அதுக்கப்புறம் போட்ட படத்துல ஒரு குதிகால் வந்துச்சு. இது எலும்பு டாக்டர் சமாச்சாரம்னு நான் கண்ண மூடிக்கினேன்" என்றார்.

அங்கேயே படம் எடுத்து அந்தப் பெரிய டாக்டருக்கு அனுப்பினார். நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் பதில் வந்துவிட்டது. ரத்தம் எடுத்து கொலஸ்ட்ரால் பாருங்கள், வீட்டில் யார் யார் எந்த வயதில் இறந்தார்கள் என்று கேளுங்கள்.

கொலஸ்ட்ரால் எவ்வளவு இருந்தது என்றால், லேபில் சந்தேகப்பட்டு இரண்டு முறை பார்த்தார்களாம். சாப்பாட்டால் வந்தது அல்ல, பிறவியிலேயே வருவது என்று டாக்டர் விளக்கினார். ரத்தத்திலிருந்து கொழுப்பை வெளியேற்ற உடம்புக்குத் தெரியவில்லை. அது போய் நரம்பில் படியும், இதயத்துக்குப் போகும் குழாய்களிலும் படியும். ஆள் ஒல்லியாக இருந்தாலும் அப்படித்தான்.

என் மாமியார் ஒப்புக்கொள்ளவே இல்லை. "என் புள்ளைக்கா கொழுப்பு? யாரையாவது எதுத்து ஒரு வார்த்தை பேசியிருப்பானா?"

"அந்தக் கொழுப்பு இல்ல அத்தை."

"எனக்குக் கொழுப்புன்னு உன் மருமவ கல்யாணமான நாளா சொல்லிக்கினுதான் இருக்கா" என்றார் கணவர். "டாக்டரு இப்பதான் கண்டுபுடிச்சிருக்காரு."

சிரித்தோம். அவர் சிரித்தது எனக்காக என்று எனக்குத் தெரியும். டவுனில் எல்லாப் பரிசோதனைகளும் செய்தார்கள். ஒரு குழாயில் லேசாகப் படிந்திருந்தது. மாத்திரையே போதும், ஆனால் ஒருநாளும் நிறுத்தக்கூடாது என்றார்கள். தட்டை எடுத்துவைக்கும்போதே மாத்திரையையும் எடுத்துவைக்கிறேன். விழுங்கினாரா என்று நான் பார்ப்பது போதாதென்று என் மகள் அவர் வாயைத் திறந்து பார்ப்பாள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை டாக்டர் எங்கள் வீட்டுக்கே வந்தார். ஊசி போடத்தான் வந்திருக்கிறார் என்று என் மகள் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர் நாற்காலியில் உட்காராமல் கூடத்தில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த கேஸ் மாத்திரைய எழுதிக் குடுத்தது நான்தாம்மா" என்றார் என் மாமியாரிடம். "ரெண்டு மாசமா நெஞ்சக் கரிக்குதுன்னு வந்தாரு. ஒல்லியான ஆளு, சின்ன வயசு. எனக்குத் தோணவே இல்ல. அவரு கால நான் பாக்கல."

இந்தப் பேச்சை ஆரம்பித்துவைத்தது நான்தானே, பேசாமலே இருந்திருக்கலாமோ என்று நினைத்தேன். மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க பாக்கலன்னா சொல்றீங்க? பத்து வருஷம் நான் அந்தக் கால்ல நல்லெண்ணெய் தேச்சேன் டாக்டரே. காய்ப்பு கரையட்டும்னு அழுத்தி அழுத்தித் தேச்சேன். கைக்குள்ளயே இருந்துச்சு. எனக்குந்தான் தெரியல." நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, "உக்காருங்க. டீயில சக்கரை போடலாமா?" என்றார்.

டாக்டர் உட்கார்ந்தார். என் மகள் பீரோவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

அடுத்த வகுப்புக்கு டாக்டர் எங்களையும் அழைத்துப் போனார். வில்லியனூர், நெட்டப்பாக்கம் பக்கத்திலிருந்தெல்லாம் முப்பது நாற்பது டாக்டர்கள் வந்திருந்தார்கள். என் கணவரை மேடையில் ஒரு பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்து ஒவ்வொருவராக வந்து குதிகாலைத் தொட்டுப் பார்த்தார்கள். படத்தில் பார்த்தால் மறந்துபோகும், விரல் மறக்காது என்று பெரிய டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு டாக்டர் கொஞ்சம் அழுத்திவிட்டார். என் கணவர் பழக்க தோஷத்தில் பஸ் ஹாரன் மாதிரி கத்திவிட்டார். அன்று பிரியாணிக்குப் பிறகும் யாரும் தூங்கவில்லை.

இடைவேளையில் வயதில் என்னைவிடச் சின்ன டாக்டர் ஒருத்தி என்னிடம் வந்தாள். "குடும்பத்துல யாருக்காவது இதய நோய் இருந்துச்சான்னு எல்லார்கிட்டயும் கேக்குறோம்க்கா. எல்லாரும் இல்லன்னுதான் சொல்றாங்க" என்றாள்.

"என்கிட்ட கேட்டிருந்தாலும் இல்லன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றேன். "எங்க வூட்டுல இதய நோயில யாரும் சாவல. ஒருத்தரு கேஸ்ல போனாரு, ஒருத்தரு உழைச்சுப் போனாரு. சின்ன வயசுல யாராவது திடீர்னு போனாங்களான்னு கேளுங்க. கேஸ்னு சொல்லிப் போனாங்களான்னு கேளுங்க. அப்ப சொல்லுவாங்க."

அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். சரியாகத்தான் சொன்னேனா, படித்தவர்களிடம் அதிகமாகப் பேசிவிட்டேனா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கணவரைக் கேட்டுக்கொண்டு வந்தேன். அவருக்கு அது காதில் விழவே இல்லை. "அத்தினி டாக்டரும் வரிசையா வந்து என் காலத் தொட்டாங்க, பாத்தியா? இனிமே என்கிட்ட மரியாதையாப் பேசு" என்றார்.

மகளுக்கு ரத்தம் எடுக்கவேண்டியது மட்டும் பாக்கி. வந்திருக்கவும் பாதி, வராமலிருக்கவும் பாதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் தள்ளிப்போட்டேன். சளி என்றேன், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா என்றேன், அமாவாசை என்றேன். பார்க்காத வரைக்கும் அவள் பாதியாவது தப்பித்திருந்தாள். தினமும் கொலுசு மாட்டும் சாக்கில் அவள் குதிகாலைத் தடவினேன். சின்ன வயதில் அங்கே ஒன்றும் இருக்காது, ரத்தத்தில்தான் தெரியும் என்று தெரிந்தும் தடவினேன். கடைசியில் என் மாமியார்தான் ஒருநாள் காலையில் அவளுக்குச் செருப்பு மாட்டிவிட்டு வாசலில் நின்றார். "தேச்சுத் தேச்சுப் பாத்துக்கினே நானும் இருந்தேன். போதும், கிளம்பு" என்றார்.

அவளுக்கும் இருந்தது.

டாக்டர் அறையில் நான் அழுதேன். அவர் தடுக்கவில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டு, "உன் மாமனாருக்கு நாங்க கண்டுபுடிக்கவே இல்ல. புருஷனுக்கு முப்பத்தாறு வயசுல தெரிஞ்சுது. இவளுக்கு ஆறு வயசும்மா" என்றார். "இப்ப மாத்திரை வேணாம். இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல பெரிய டாக்டர் சொல்றப்ப ஆரம்பிக்கலாம். எண்ணெய்ப் பலகாரத்தக் கொற. நல்லா ஓடட்டும், ஆடட்டும். ஓடாதன்னு புடிச்சு வைக்காத. உன்னப் பத்தி எனக்குத் தெரியும்."

இப்போது அவருடைய கிளினிக்கில் நெஞ்சு வலி என்று யார் வந்தாலும் செருப்பைக் கழற்றித் திரும்பி நிற்கவேண்டும். டாக்டருக்கு வயதாகிவிட்டது, நெஞ்சு வலிக்கிறது என்றால் காலைப் பார்க்கிறார் என்று பஸ் ஸ்டாப்பில் பேசிக்கொள்கிறார்கள். கரியமாணிக்கத்திலிருந்து வந்த ஒரு டிராக்டர் டிரைவருக்கு அப்படித்தான் தெரிந்ததாம். அவருக்கு மூன்று பிள்ளைகள். மூவரையும் டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் என் மகளுக்குத் தொண்டை வலி. "வாடி, காட்டு" என்றார் டாக்டர், டார்ச்சை எடுத்துக்கொண்டு. அவள் உடனே திரும்பி நின்று பாவாடையைத் தூக்கிப் பிடித்துக் குதிகாலைக் காட்டினாள்.

"தொண்டைய காட்டச் சொன்னேன்டி" என்று அவர் சிரித்தார். ஆனாலும் டார்ச்சை மேஜையில் வைத்துவிட்டுக் குனிந்து, கொலுசை மேலே தள்ளி, இரண்டு கால்களையும் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

"பட்டன் இன்னும் வரலியா?" என்றாள் அவள்.

"வரல. வரவும் விடமாட்டேன்" என்றார்.

அவள் முகம் வாடிவிட்டது. அந்த அறையில் ஏமாந்துபோனது அவள் ஒருத்திதான்.