மொட்டைத் தலைக்கும் தொப்பி

மகளுக்குத் தண்ணீரென்றால் நடுக்கம். பள்ளிக்கூடத்தில் ஆற்றுக்குப் படகு விடக் கூட்டிப்போகிறார்கள். நீச்சல் அத்தாட்சி இல்லாத பிள்ளை வீட்டில் நிற்க வேண்டியதுதான். மனைவி முருகனுக்கு நேர்ந்தாள். நேர்ந்தது அவள், மொட்டை எனக்கு.

சனிக்கிழமை, லா சப்பல் கடைத்தெருவில் நான் வேலைசெய்யும் மரக்கறிக்கடையில் லீவு சொல்லிவிட்டு, சந்தனம் பூசிய தலையோடு அவளை நீச்சல் தடாகத்துக்குக் கூட்டிப்போனேன். நான் கரையில் நின்றால்தான் வருவேன் என்று அடம்பிடித்தாள். தண்ணீரில் இறங்காவிட்டாலும் கரைக்கு வருகிறவர் நீச்சல் உடையில்தான் வரவேண்டுமாம். கொண்டுபோன தொளதொளத்த காற்சட்டையும் சரிவராதாம். அதைத் தெருவிலும் போடலாம், அழுக்கு வருமாம். உடம்போடு ஒட்டியதுதான் சட்டம். கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் ஜட்டி விற்கும் மெஷின் நின்றது. என் அளவு முடிந்திருந்தது. அதைவிடச் சின்னதை வாங்கினேன்.

பிறகு தொப்பி. "தலைமயிர் தண்ணீரில் விழக்கூடாது" என்றார் பொறுப்பாளர். குனிந்து தலையைக் காட்டினேன். அவர் கண்ணில் சந்தனம்தான் பட்டது. சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொன்னார். முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கழுவினேன். தலை பளபளத்தது.

"இப்போது மயிர் எங்கே இருக்கிறது?" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன்.

"தலை இருக்கிறதே, ஐயா."

அவருக்கு நெஞ்சுவரை தாடி. தாடியைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தொப்பியைப் போட்டேன்.

கரையில் மகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். வண்டி வயிற்றுக்குக் கீழே இறுகிய ஜட்டி, மொட்டையில் மஞ்சள் ரப்பர் தொப்பி. பிடித்திருந்த கையை மெல்ல விட்டாள். நான் எட்டிப் பிடித்தேன். தண்ணீருக்குள் நின்ற அவளுடைய வகுப்புப் பிள்ளையொன்று கேட்டது:

"அது உன் அப்பாவா?"

"நோன்" என்று பிரெஞ்சில் மறுத்தாள் மகள். சொன்ன கையோடு என் பிடியை உதறிவிட்டுக் குதித்தாள்.

இடுப்பளவுத் தண்ணீர்தான். கையையும் காலையும் அடித்து, என்னைவிட்டு எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரம் போனாள். எனக்கு அந்த 'நோன்' சுட்டது. சந்தோஷத்தில் சிரிப்பும் வந்தது.

"பாத்தீங்களோ, முருகன் கைவிடேல்லை" என்றாள் மனைவி, வீட்டில் கதையைக் கேட்டுவிட்டு.

"ஓம்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை மெஷினில் என் அளவு வந்திருந்தது. நான் வாங்கவில்லை. சின்னதையே போட்டுக்கொண்டு கரைக்குப் போனேன்.