எட்டாம் நம்பர் கார்

நவச்சாரக் கட்டியின் மேல் பழுக்கக் காய்ந்த செம்பு முனையைத் தேய்த்தால் ஒரு வெள்ளைப் புகை எழும்பி நேராக மூக்கில் ஏறும். கண் எரியும், தொண்டை கமறும், நாக்கு உப்புக் கரிக்கும். தகரத்துக்கு ஈயம் வைத்துப் பற்றுப் போடுகிற எந்தக் கடையைக் கடந்து போனாலும் இன்றைக்கும் அந்த நெடி என்னை நிறுத்திவிடுகிறது. மற்றவர்களுக்குச் சின்ன வயது என்றால் நுங்கும் நாவல் பழமும் நினைவுக்கு வருமாம். எனக்கு வருவது இந்தப் புகைதான், அதோடு பதினைந்து அங்குல நீளத்தில் நாங்கள் செய்த ஒரு தகரக் காரும், அதை வைத்து நான் சொன்ன இரண்டு பொய்களும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நெய்வேலியில் பிளாக் பிளாக்காகக் குவார்ட்டர்ஸ் எழும்பிக்கொண்டிருந்தன, ஒரே தெருவில் நான்கு ஜில்லாப் பேச்சு கேட்கும். நாங்கள் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள், ஆனால் குவார்ட்டர்ஸ்காரர்கள் இல்லை. எங்கள் ஊரைச் சுரங்கம் எடுத்துக்கொண்டபோது நிலம் வைத்திருந்தவர்கள் நிலத்துக்கு உண்டானதை வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த எங்களிடம் கொடுப்பதற்கு நிலம் ஏது? குடிசையைப் பிரித்துக்கொண்டு வந்து 'கான்ட்ராக்ட் லைன்' என்று பெயர் பெற்ற கீற்றுக் கொட்டகை வரிசையில் ஒண்டிக்கொண்டோம். அப்பா பம்பு செக்‌ஷனில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தார். சுரங்கத்துக்கு அடியில் ஓயாமல் பொங்கும் தண்ணீரை இறைத்துத் தள்ளுகிற பம்புகள் அவை. அவை நின்றால் சுரங்கமே முழுகிவிடும் என்பார்கள். கலப்பை பிடித்த கை என்று யாரும் நம்பமாட்டார்கள், தகரமும் இரும்பும் அப்பாவின் கைக்கு அப்படி வசப்பட்டன.

அந்த நாளில் எங்கள் வீட்டில் சாமி பெயரைவிட அதிகம் உச்சரிக்கப்பட்ட வார்த்தை 'பெர்மனன்ட்'. பெர்மனன்ட் ஆனால் குவார்ட்டர்ஸ், குழாயில் தண்ணீர், கம்பெனி ஆஸ்பத்திரி, நான் தொடர்ந்து படிக்கலாம். ஆகாவிட்டால் என்ன என்பதை நாங்கள் பேசுவதே இல்லை. ஆனால் அந்த வருஷம் ஆடி மாதத்தில் ஓர் ஆள் வந்து, பொங்கலுக்குள் லைனைக் காலி செய்ய வேண்டும், வெட்டியெடுத்த மண்ணைக் கொட்ட இந்த இடம் வேண்டும் என்று கொட்டகை கொட்டகையாகச் சொல்லிவிட்டுப் போனார். பெர்மனன்ட் லிஸ்ட்டும் பொங்கலுக்குள் வரும் என்று பேச்சு இருந்தது. அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. "இன்னொரு வாட்டி மூட்டையக் கட்டிகினு கௌம்ப என்னால ஆவாது. சொல்லிட்டேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்பா மூன்று மனு கொடுத்தார். மூன்றையும் நான்தான் எழுதினேன். எதற்கும் பதில் இல்லை.

பம்புகளைப் பொருத்திக்கொடுக்க அமெரிக்காவிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்திருந்தார். வயதானவர், நெட்டையானவர், அதிகம் பேசமாட்டார். 'பம்பு தொரை' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு ஜீப் ஓட்டிய கோவிந்தன் மாமா எங்கள் லைனில் இருந்து பெர்மனன்ட் ஆகிக் குவார்ட்டர்ஸுக்குப் போனவர், ஆனாலும் எங்களை மறக்காதவர். தொரை ஐப்பசியில் ஊருக்குப் போகிறார், போவதற்கு முன் தன்னிடம் வேலை பார்த்தவர்களைப் பற்றி ஆபீசுக்கு எழுதிக்கொடுப்பார், அவர் எழுதினால் ஆபீஸ் தட்டாது என்று கோவிந்தன் மாமாதான் வந்து சொன்னார். அதில் எவ்வளவு நிஜமோ எனக்கு இன்றுவரை தெரியாது. தண்ணீரில் மூழ்குகிறவனுக்குக் கையில் கிடைத்தது கயிறா பாம்பா என்று பார்க்கவா தோன்றும்?

தொரையின் அறைச் சுவரில் ஒரு படம் இருந்தது. இளவயதுத் தொரை ஒரு காரின் பக்கத்தில் நின்று சிரிக்கிற கறுப்பு வெள்ளைப் படம். அந்தக் காரைப் பற்றிப் பேசினால் மட்டும் மனிதர் முகம் மலரும், சின்ன வயதில் அதை ஓட்டிப் பந்தயமெல்லாம் ஜெயித்திருக்கிறாராம் என்றார் கோவிந்தன் மாமா. "அந்தப் படத்த ரெண்டு நாளைக்கி எடுத்தார முடியுங்களா?" என்று அப்பா கேட்டார். அந்தக் காரை அப்படியே தகரத்தில் செய்து ஆயுத பூஜை அன்றைக்கு அவர் கையில் கொடுப்பது என்று முடிவாயிற்று. அன்று ஒருநாள்தான் குடும்பத்தோடு ஷெட்டுக்குள் விடுவார்கள்.

துடைக்கிறேன் என்று சொல்லி மாமா படத்தைக் கொண்டுவந்தார். அளவெடுத்தது நான். ஆறாம் வகுப்பில் அப்போதுதான் விகிதக் கணக்கு நடத்தியிருந்தார்கள். தொரை சரியாக ஆறடி. பம்பு ஷெட் நிலைக்கதவில் அவர் தொப்பி எந்த ஆணி வரைக்கும் வருகிறது என்று பார்த்து வைத்து, அப்பா முழம் போட்டு அளந்திருந்தார். படத்தில் அவர் ஒன்றரை அங்குலம். காரின் நீளம் மூன்றே முக்கால் அங்குலம். ஆக நிஜக் கார் பதினைந்து அடி. அடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்தால், படத்தில் இருப்பதை நான்கால் பெருக்கினால் போதும். சக்கரம், ஜன்னல், முகப்புக் கம்பிகள் என்று ஒவ்வொன்றையும் அளந்து கட்டம் போட்ட நோட்டில் குறித்தேன். அந்தக் கணக்கில் ஒரு பிசகும் இல்லை. இன்றைக்கும் அதைச் சத்தியம் செய்து சொல்வேன்.

முதல் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்ததும் அப்பா உட்காருவார். மண்ணெண்ணெய் டின்னை வெட்டிப் பிரித்து, உருண்டையான மேற்கூரைக்காக அம்மிக் குழவியின் மேல் வைத்துத் தட்டித் தட்டி வளைத்தார். மூன்று தகரம் கிழிந்து போயிற்று, நான்காவதுதான் வளைந்தது. துண்டுகளை நவச்சாரப் புகைக்கு நடுவே ஈயம் வைத்துப் பற்றினார். டயர்களை, சுரங்கத்தில் மண் சுமந்து தேய்ந்த ரப்பர் பெல்ட்டின் துண்டிலிருந்து வட்டமாக வெட்டினார். அம்மா ஸ்டீரிங் சக்கரத்துக்குச் சைக்கிள் கம்பியை வளைத்துக் கொடுத்தாள். சாப்பாட்டில் மனம் வைக்காமல், பொங்கலை விரலில் எண்ணிக்கொண்டு மூன்று பேரும் ஒரு பொம்மையின் முன் குனிந்து கிடந்தோம்.

நாங்கள் தவறு செய்தது அளவில் அல்ல, வேறு இடத்தில். படத்திலிருந்த கார் ஒரு விபத்திலிருந்து இழுத்துவந்ததைப் போல இருந்தது. முன்பக்க மட்கார்டு நசுங்கியிருந்தது. ஹெட்லைட் இரண்டும் இல்லை, அந்த ஓட்டைகளைத் தகடு வைத்து மூடியிருந்தார்கள். ஜன்னலில் கண்ணாடி இல்லை. கதவைத் தோல் வாரால் இழுத்துக் கட்டியிருந்தது. அந்தக் கதவின் மேல், வாசல் மெழுகுகிற கையால் இழுத்துவிட்டாற்போல, கோணலாகப் பெரிய எட்டு.

அம்மா பார்த்துவிட்டு, "யார் மேல மோதினாங்களோ பாவம்" என்றாள். எங்களுக்கு அதுதான் புரிந்தது. ஆயுத பூஜைக்கு அரிவாள்மணையைக்கூடச் சாணை பிடித்துப் பொட்டு வைப்போம், ஓட்டை சைக்கிளுக்கும் பெயின்ட் அடிப்போம். அந்த நாளில் நசுங்கிய வண்டியைக் கொண்டுபோய் ஒரு பெரிய மனிதர் கையில் எப்படிக் கொடுப்பது? "ஒடஞ்சத ஒடஞ்ச மாதிரியே செஞ்சிகினு போனா, கிண்டல் பண்றான்னுதான நெனைப்பாரு" என்றார் அப்பா. அதனால் நசுங்கலை எல்லாம் நிமிர்த்தினோம். கதவுக்குக் கீல் வைத்தோம், திறந்து மூடும். எட்டு ஆகாத எண், கொடுக்கிற பொருளில் அது கூடவே கூடாது என்று கோவிந்தன் மாமா சொன்னதால் அதை விட்டுவிட்டு அந்த இடத்தில் பிள்ளையார் சுழி போட்டோம். குவார்ட்டர்ஸ் கதவு ஜன்னல்களுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ட்டை மாமா கொண்டுவந்தார். கண் இல்லாத வண்டியாக இருக்கிறதே, இரண்டு டார்ச் பல்பு வைக்கலாம் அப்பா என்று கேட்டது நான். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த இரண்டு மாதத்தில் அவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.

பல்பு வைத்ததும் அவ்வளவு அழகாக ஆகிவிட்டது கார். லைனில் இருந்தவர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பூஜை அன்றைக்கு ஷெட்டில் பம்புகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம், தூணுக்குத் தூண் வாழைக்கன்று, பொரி கடலை வாசனை. அப்பா வெளுத்த சட்டை போட்டிருந்தார். கான்ட்ராக்ட் ஆட்கள் தொரையின் அறைக்குள் போகும் வழக்கமில்லை, அதனால் நான் மட்டும் உள்ளே போவது, அப்பா வாசலுக்கு வெளியே நிற்பது என்று ஏற்பாடு. நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: "திஸ் இஸ் யுவர் கார், சார். மை ஃபாதர் மேட் இட்." ஒரு வாரமாக அதைச் சொல்லிச் சொல்லித் தூக்கத்திலும் உளறியிருக்கிறேன்.

நான் அதைச் சொல்வதற்குள் தொரை காரை வாங்கினார். திருப்பிப் பார்த்தார். கதவைத் திறந்து மூடினார், டயரை விரலால் சுற்றிவிட்டார், சந்தோஷமாகத்தான் சிரித்தார். பிறகு குனிந்து, "ஹூஸ் கார் இஸ் திஸ்?" என்று கேட்டார்.

இது யாருடைய கார் என்று கேட்கிறார். அவருடைய காரை அவர் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார். அவர் தலைக்குப் பின்னால், சுவரில், அந்தப் படம். நசுங்கலும் தோல் வாரும் எட்டுமாக இருந்த அந்த வண்டியையும் அவர் கையில் பளபளத்த பச்சை வண்டியையும் ஒன்றாகப் பார்த்த அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது, நாங்கள் அவருடைய காரைச் செய்யவில்லை. அவருக்கு எது அந்தக் காரோ அதையெல்லாம் பார்த்துப் பார்த்துத் தட்டி நிமிர்த்திவிட்டோம். இப்போது இது உங்கள் கார் என்று சொன்னால் சிரிப்பாரா, கோபித்துக்கொள்வாரா? அவர் மறுபடி கேட்டார்.

"மை டாய், சார்" என்றேன்.

அவர் என் தலையைத் தட்டிக்கொடுத்து ஒரு சாக்லேட் கொடுத்தார். காரை மேஜை மேல் வைத்துவிட்டு, யாரோ கூப்பிட வெளியே போனார். நானும் ஓடிவந்துவிட்டேன். அவர் சிரித்ததையும் தட்டிக்கொடுத்ததையும் வாசலிலிருந்து அப்பா பார்த்திருந்தார். வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் நடந்த நடையை என்னால் சொல்ல முடியாது. எந்த பிளாக்கில் குவார்ட்டர்ஸ் கிடைத்தால் பள்ளிக்கூடம் பக்கம் என்று அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். ஒன்பது நாள் அப்படிப் பேசினார். அந்த ஒன்பது நாளும் நான் சோறு தின்றது எப்படி என்று எனக்கே தெரியவில்லை.

பத்தாம் நாள் கோவிந்தன் மாமா கையில் ஒரு பேப்பர் பொட்டலத்தோடு வந்தார். தொரை கிளம்பிவிட்டார் என்றார். முகத்தைப் பார்க்காமல் பொட்டலத்தை நீட்டினார். "இத பாப்பாகிட்ட சேத்துடச் சொன்னாருண்ணே."

ஒரு குழந்தை மறந்துவிட்டுப் போன பொம்மையை ஞாபகமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார், நல்ல மனிதர். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அப்பா பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. மாமா போன பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நீ சொன்னியாம்மா?"

"சொன்னம்ப்பா."

"அப்பா செஞ்சதுன்னு?"

"ஆமாம்ப்பா."

அவர் கொஞ்ச நேரம் தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப வேலதான் சரியில்ல" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கத்தான் திறந்தேன். அடிப்பார் என்ற பயம் இல்லை, அவர் என்னை ஒருநாளும் அடித்ததில்லை. அந்த முகத்தை இன்னும் கொஞ்சம் உடைக்க எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது காரைப் பிரித்துப் போட்டிருந்தார். கூரைத் தகரம் டிரங்குப் பெட்டியின் ஓட்டைக்கு ஒட்டுப் போடப் போயிற்று. லிஸ்ட்டில் அவர் பெயர் வரவில்லை. மார்கழிக் கடைசியில் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு, சேத்தியாத்தோப்புப் பக்கம் இருந்த அம்மாவின் ஊருக்குப் போனோம். மூட்டைகளைக் கட்டியது அம்மாதான். அப்பா அங்கே மறுபடி வயல் வேலைக்குப் போனார். யாராவது குடம் ஓட்டை என்று கொண்டுவந்தால்கூட, எனக்கு அந்த வேலை வராது என்று திருப்பி அனுப்பிவிடுவார். பதினெட்டு வருஷம் அப்படியே இருந்துவிட்டுச் செத்துப்போனார். அந்தப் பதினெட்டு வருஷமும் நான் வாயைத் திறக்கவில்லை. நான் டீச்சராகிப் பிள்ளைகளுக்கு விகிதக் கணக்கு நடத்தினேன்.

போன வருஷம் என் பேரன் கைப்பேசியில் ஏதோ பழைய கார்ப் பந்தயத்தைக் காட்டினான். நசுங்கிய கார்கள், விளக்கில்லாத கார்கள், கதவைக் கட்டிய கார்கள், எல்லாவற்றிலும் கோணல் எண்கள், புழுதியில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஓடின. ஓட்டத்தில் கதவு திறந்துகொள்ளாமல் இருக்கக் கட்டுவார்களாம், உடைந்து பாதையில் சிதறும் என்று கண்ணாடியையும் விளக்கையும் எடுத்துவிடுவார்களாம். நசுங்கலைச் சில பேர் நிமிர்த்தவே மாட்டார்களாம், அது அவர்கள் ஓடிய ஓட்டத்தின் அடையாளமாம். பேரன் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனான். நான் எழுந்து சமையலறைக்குள் போய் நின்று அழுதேன்.

அடுத்த வாரம் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். கான்ட்ராக்ட் லைன் இருந்த இடம் மண்மேட்டுக்கு அடியில் போய் எத்தனையோ காலமாகிவிட்டது, அதைப் பார்க்க நான் போகவில்லை. அம்மாவின் ஊர் இடுகாட்டில் அப்பாவைப் புதைத்த இடத்துக்குப் போய், வேலை சரியாகத்தான் இருந்தது, நான்தான் சொல்லவில்லை என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்றுதான் போனேன். ஊர் இருந்த திசையில் நீளத்துக்கு ஒரு கம்பி வேலி. வேலிக்கு அப்பால் தரையே இல்லை. பனைமரம் பனைமரமாக ஆழம், அந்த ஆழத்தின் அடியில் இயந்திரங்கள் எறும்பாக ஊர்ந்துகொண்டிருந்தன. இந்த ஊரையும் சுரங்கத்துக்கு எடுத்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும், ஊரை எடுத்தபோது இடுகாட்டையும் சேர்த்துத்தானே எடுத்திருப்பார்கள், அது எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று என்று தெரியவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, காவலுக்கு நின்ற பையன் வந்து, "யாரப் பாக்கணும்மா?" என்று மரியாதையாகக் கேட்டான்.

யாரையும் இல்லை தம்பி, வழி தவறி வந்துவிட்டேன் என்று அவனிடமும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.