நெல்லிமேட்டார் ஏறாத பஸ்

போக்குவரத்துக் கழகத்தின் சேலம் அலுவலகத்தில் மனுக்களைப் பிரித்துப் படிக்கும் குமாஸ்தாவாக முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். எத்தனையோ படித்தவர்கள் எழுதியதைப் பார்த்துவிட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத மாதம்மாள் சொல்லி எழுதவைத்த மனுவைப் போல ஒன்றை அப்புறம் பார்க்கவேயில்லை.

1983-ல் ஏற்காட்டிலிருந்து வரும் பஸ் தலைச்சோலையோடு திரும்பிவிடும். அதற்கு மேல் நாலு மைல் ஏறினால் நெல்லிமேடு. மாதம்மாளின் ஊர் அது. கொய்யாவும் பலாவும் கூடையில் சுமந்து வந்து, ஏற்காடு கடைவீதியில் ரஹமத் பீவியின் மளிகைக் கடையோரம் உட்கார்ந்து விற்பாள். புருஷன் போன பிறகு அதுதான் பிழைப்பு. நாற்பத்தெட்டு வயதில் வலது முழங்கால் வீங்கத் தொடங்கியது. இப்படியே சுமந்து நடந்தால் இன்னொரு மழைக்காலம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊருக்கு பஸ் வந்தால் அவளுக்குக் கடைவீதி உண்டு. வராவிட்டால் வியாபாரி கேட்ட விலைக்குப் பழத்தை மரத்தடியிலேயே கொடுத்துவிட்டு வீட்டில் முடங்க வேண்டியதுதான். முடங்குகிற ஆளில்லை அவள்.

முதல் மனுவை ரஹமத் பீவி எழுதினார். ஒரே கண்ணீரும் கம்பலையும். அப்படி தினமும் பத்து வரும். என் கண்ணும் மரத்துப் போயிருந்தது. இருந்தாலும் நல்ல நேரம், ஒரு நாள் சோதனைக்கு பஸ் அனுப்பினார்கள்.

அங்கேதான் கூத்து. நெல்லிமேடே திரண்டு நின்று பஸ்ஸுக்கு மாலை போட்டு ஆரத்தி எடுத்தது. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் தேனும் தினைமாவும் கொடுத்தார்கள். ஆனால் ஒருவர்கூட ஏறவில்லை. முதன்முதலாக வந்த விருந்தாளியின் வண்டியில் அன்றைக்கே ஏறி உட்காருவது மரியாதைக் குறைவு என்று ஊர்ப் பெரியவர் ஐயாக்கண்ணு சொல்லிவிட்டார். மாதம்மாளும் அதைச் சரி என்று நினைத்து, கூடையோடு ஓரமாக நின்று கும்பிட்டாள். பஸ் காலியாகத் திரும்பியது. ‘பயணிகள் இல்லை. தடம் தேவையில்லை’ என்று அறிக்கை வந்தது. மறுப்புக் கடிதத்தை நான்தான் தபாலில் போட்டேன்.

ரஹமத் பீவி அதைப் படித்துக் காட்டியபோது மாதம்மாளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்ததாம். உடனே இன்னொரு மனு எழுத வேண்டும் என்றாள். பீவி மறுபடியும் கண்ணீரில் ஆரம்பிக்க, அவள் தடுத்துவிட்டாள்.

"அழுதது போதுங்க அக்கா. நாம படற பாடு அவங்களுக்குப் பழகிப்போச்சு. வண்டி நெறையுமான்னுதானுங்க அவங்க பாப்பாங்க. அத மட்டும் எழுதுங்க."

அரைப் பக்கம்தான் அந்த மனு. தினமும் எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போகிறவர்கள் இத்தனை பேர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இத்தனை, சந்தை நாளில் கூடைகள் இத்தனை. கடைசியில் ஒரு வரி: ‘போன தடவை யாரும் ஏறாதது எங்கள் மரியாதை. பஸ் வேண்டாம் என்று அர்த்தமில்லை.’ நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு வெட்கமாக இருந்தது. மனுவை நேரே மேலாளர் மேசைக்கு எடுத்துப் போனேன். இன்னும் ஒரே ஒரு நாள், பாதி இருக்கையாவது நிறையாவிட்டால் கோப்பை மூடிவிட வேண்டியது என்றார். தலை எண்ண என்னையே அனுப்பினார்.

மாதம்மாள் அந்த வாரம் வியாபாரத்துக்குப் போகவில்லை. நாற்பது வீடும் ஏறி இறங்கினாள். பழம் பறிக்கிறவர்களிடம், எஸ்டேட் ரைட்டர் வருகைப் புத்தகத்தில் பேர் போடுவதற்கு முன் போய்ச் சேரலாம் என்றாள். பிள்ளை பெற்றவர்களிடம் நனையாத புத்தகத்தைப் பற்றிப் பேசினாள். எல்லோரும் தலையாட்டிவிட்டு, ஐயாக்கண்ணு ஏறினால் ஏறுகிறோம் என்றார்கள். விருந்தாளி மறுபடி வந்தாலும் விருந்தாளிதான் என்று அவர் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் அவர் வாசலில் போய் நின்றாள்.

"ஏனுங்க, ஊட்டுக்கு வந்த விருந்தாளிய நாம என்னைக்காச்சும் வெறுங்கையோட அனுப்பியிருக்கமுங்களா? அந்த பஸ்ஸுல ஒரு ஆளு இல்லாம அனுப்பிட்டமே, அது மட்டும் மரியாதைங்களா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, தனக்கு முன் இருக்கைதான் வேண்டும் என்றார்.

குறித்த நாள் காலை ஆறரை மணிக்கு, பனிமூட்டத்தில், படிக்கட்டருகே பென்சிலோடு நின்றேன். ஐயாக்கண்ணு முதலில் ஏறினார். அப்புறம் கூடையும் பையும் குழந்தையுமாக ஊரே ஏறியது. கடைசி வீட்டுக்காரர்களைக் கிளப்பி முன்னால் அனுப்பிவிட்டு, மாதம்மாள் கூடையோடு நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தபோது ஐம்பது இருக்கையும் நிறைந்திருந்தது. வளைவுப் பாதையில் யாரையும் நிற்கவைத்து ஓட்டமாட்டேன் என்று டிரைவர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். அவளுக்காக உள்ளே நாலு பேர் எழுந்தார்கள். யாரும் இறங்கக் கூடாது என்று அதட்டி உட்காரவைத்தாள்.

"இடமில்லைங்கம்மா," என்றேன்.

"நொம்ப நல்லதுங்க சாமி. இப்ப சொன்னீங்களே, அதையே எழுதிக்குங்க."

சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு அந்தக் காலோடு இறக்கத்தில் நடக்க ஆரம்பித்தாள். பஸ் அவளைத் தாண்டும்போது ஓரமாக ஒதுங்கி, உள்ளே இருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

‘ஐம்பது இருக்கைகளும் நிரம்பின. ஒருவருக்கு இடமில்லை’ என்று எழுதினேன். அறிக்கையில் பயணிகளின் பெயரை எழுதும் வழக்கம் எங்கள் அலுவலகத்தில் கிடையாது. நான் அதன் கீழே ‘மாதம்மாள், நெல்லிமேடு’ என்று எழுதினேன். மேலாளர் அந்தப் பெயரை அடிக்காமலே, தடத்துக்கு ஒப்புதல் தந்து கையெழுத்துப் போட்டார்.