பெடல் இல்லாத சைக்கிளும் கட்டுகஸ்தோட்டைச் சனிக்கிழமைகளும்

யாழ்ப்பாணத்தில் என் மனைவியின் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு மாமியார் உட்பட எல்லோரும் சைக்கிளில்தான் போவார்கள். நான் மட்டும் அர்ச்சனைத் தட்டுடன் ஆட்டோவில் போவேன். மலைநாட்டுப் பன்விலையில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் வளர்ந்தவனுக்குச் சைக்கிள் எங்கே பழக்கம்? எங்கள் பாதைகள் ஒன்று ஏறும், இல்லை இறங்கும். நாற்பத்திரண்டு வயதாகியும் எனக்கு ஓட்டத் தெரியாது.

இந்த வருடத் தொடக்கத்தில் என் மனைவி சுகந்திக்கு, நாங்கள் இருக்கும் கண்டியில் ஒரு சைக்கிள் தேவைப்பட்டது. புதிது வாங்குகிற விலையில் இல்லை. கட்டுகஸ்தோட்டையில் ஒரு சமூகப் பட்டறை இருக்கிறது என்று அவளுடைய அலுவலகத்தில் யாரோ சொல்ல, ஒரு சனிக்கிழமை காலை பஸ் ஏறினோம். ஐந்து கிலோமீற்றர்தான், நெரிசல் இல்லாவிட்டால் இருபது நிமிடம்.

மகாவலி ஆற்றுப் பாலத்துக்குக் கிட்ட, கடைகளுக்குப் பின்னால் ஒரு முற்றமும் தகரக் கொட்டகையும். ஊர்க்காரர்கள் வீட்டில் சும்மா கிடக்கும் சைக்கிள்களை அங்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சனிக்கிழமைகளில் நாலைந்து பேர் சேர்ந்து திருத்துகிறார்கள். பொறுப்பாக இருப்பவர் றிஸ்வானா. மற்ற நாட்களில் வங்கியில் வேலை, சனிக்கிழமை மட்டும் கையெல்லாம் கிறீஸ். திருத்தி முடித்ததை விலைக்கு வாங்கலாம், திருத்தாததை மலிவாக எடுத்து அவர்களுடைய ஸ்பானர் சாவிகளாலேயே நாமே திருத்தலாம், பழையதைக் கொடுத்து மாற்றலாம் என்று அவர் நடந்துகொண்டே சொன்னார். சுகந்தி கியர் இல்லாத ஒரு சிவப்புச் சைக்கிளில் ஏறி முற்றத்தை இரண்டு தரம் சுற்றினாள். பதினாலாயிரம் ரூபாவுக்கு முடிந்தது.

"உங்களுக்கு எது?" என்று றிஸ்வானா என்னைக் கேட்டார். சும்மா துணைக்கு வந்தேன் என்றேன்.

"இவருக்கும் ஒண்டு வேணும்," என்றாள் சுகந்தி. "ஓடத்தான் தெரியாது."

எனக்குக் காது சூடாகிவிட்டது. றிஸ்வானா சிரிக்கவில்லை. "அதுக்கும் வழி ஈக்கி," என்றார். நாலு சனிக்கிழமை, ஒன்பது மணியிலிருந்து ஒரு மணிவரை பட்டறையில் வேலை செய்தால் ஒரு சைக்கிள் என்னுடையது. புதிதாகப் போடும் செயினுக்கும் ரியூப்புக்கும் மட்டும் காசு. அந்தச் செலவு எனக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபா வந்தது. திருவிழாவுக்கு நாலு மாதம் இருந்தது. சம்மதித்தேன்.

துரு உரசினேன், ரியூப்புக்கு ஒட்டுப் போட்டேன். வேலை முடிந்ததும் பாடம். றிஸ்வானா நான் தெரிந்தெடுத்த கியர் சைக்கிளின் இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு, சீற்றைத் தாழ்த்தினார். "இருந்துட்டு காலால தள்ளிட்டே போங்க. கால் தானா மேல வரும்."

வரவில்லை. முதல் நாள் பழைய டயர்க் குவியலுக்குள் விழுந்தேன், அடிபடவில்லை. மூன்றாவது சனிக்கிழமை தள்ளிக்கொண்டு போகையில், இரண்டு காலும் நிலத்தில் இல்லை என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. மதிலைத் தொட்டு நின்று திரும்பிப் பார்த்தால், சுகந்தி வாயில் கைவைத்தபடி நின்றாள். அன்றே பெடல்களைத் திரும்பப் பூட்டினோம்.

நாலாவது சனிக்கிழமை இரண்டு பேரும் சைக்கிளோடு கிளம்பினோம். கடைத்தெருவில் உருட்டிக்கொண்டே நடந்தேன். உங்களுக்கும் அதையே சொல்வேன், அந்த வீதி பழகுபவர்களுக்கு உகந்ததல்ல. ஆற்றோரப் பாதை சமதரை, வாகனம் குறைவு, மூங்கில் நிழல். சுகந்தி முன்னால் போய்க்கொண்டே, "என்னைப் பாக்காதேங்கோ, றோட்டைப் பாருங்கோ," என்றாள்.

ஆறு கிலோமீற்றர் போனதும் பாதை ஆற்றைவிட்டு மேலே ஏறியது. யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு ஏற்றம் அவள் கண்டதில்லை. பாதியில் இறங்கித் தள்ளத் தொடங்கினாள். நான் கியரைக் குறைத்து மிதித்தேன். மூச்சு வாங்கியது, ஆனால் கால் சளைக்கவில்லை. சின்ன வயதிலிருந்து மலை ஏறிய கால். அவளைக் கடந்து போனேன். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் சைக்கிள் விசயத்தில் அவளை முந்தியது அன்றைக்குத்தான்.

"கொஞ்சம் நில்லுங்கோவன்," என்று பின்னாலிருந்து கேட்டது.

"நின்னா திரும்ப ஏறத் தெரியாது," என்று கத்தினேன்.

உச்சியில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. கடைச் சுவரைப் பிடித்துத்தான் இறங்கினேன். அவள் சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தாள்; எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. கடைக்காரர் ஒன்றும் புரியாமல் இரண்டு பிளேன்ரீ வைத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போங்கள், பத்தரைக்குப் பிறகு நல்ல சைக்கிள்கள் மிஞ்சாது. வாங்குமுன் பிறேக்கைப் பிடித்துப் பாருங்கள், சில்லைச் சுழற்றி ஆடுகிறதா என்று கவனியுங்கள். கண்டிக்குக் கியர் இல்லாமல் சரிவராது. சுகந்தி இப்போது தன்னுடையதை மாற்றக் கேட்டிருக்கிறாள். ஓட்டத் தெரிந்தவர்கள் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். தெரியாதவர்கள் வேலை செய்து எடுங்கள். இந்த வருடத் திருவிழாவுக்கு நான் ஆட்டோ பிடிப்பதாக இல்லை. இப்போதும் இடைக்கிடை விழுகிறேன். ஆனால் விழுந்த இடத்திலேயே செயினை மாட்டி, ஹேண்டிலை நேராக்கி, மறுபடி ஏறி வந்துவிடுகிறேன்.