பதினாறுக்குள் அடங்காத முகவரி

பிரிஜெட் கை வைத்த இடம் சுத்தமாகிவிடும் என்று பெங்களூர் தொம்மலூரில் அவள் அம்மாவே அலுத்துக்கொள்வார். அலுப்புக்குக் காரணம் இருந்தது. தேடினால் ஒரு பொருளும் கிடைக்காது; தேதி போன மாத்திரை, ஒற்றைக் கம்மல், உடைந்த குடைக்கம்பி எல்லாம் வீட்டைவிட்டுப் போயிருக்கும். ஆனால் அதே பெண் அடுத்தவர் பொருளின் பக்கம்கூடப் போகமாட்டாள். ஒரே குழாயைப் பல குடும்பங்கள் பங்குபோட்ட ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவள். அங்கே பக்கத்து வீட்டுக் குடத்தை லேசாக நகர்த்தினாலே போதும், அன்றைய பொழுது சண்டையில் போய்விடும்.

இந்த இரண்டு குணமும் ஒன்றுசேர்ந்து, இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டில், அவளை ஒரு வழி பண்ணப் பார்த்தன.

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சின்ன கம்பெனி. அலுவலகக் கணினிகளை வெளி உலகத்தோடு இணைக்கும் ரவுட்டர் பெட்டிகளைச் செய்தார்கள். பிரிஜெட்டுக்கு அந்தப் பெட்டியின் கெர்னலில் வேலை. மற்ற நிரல்களுக்கெல்லாம் அடியில் இருந்து அவற்றைத் தாங்குவது கெர்னல்தான். மேலே உள்ள நிரலில் பிழை என்றால் அது மட்டும் சாகும். கெர்னலில் பிழை என்றால் பெட்டியே படுத்துவிடும்.

இணைப்பு எதுவானாலும் அதற்கு ஒரு முகவரி உண்டு. பழைய வகை முகவரிக்குக் கணினியின் நினைவில் பதினாறு பைட் இடம் போதும். எழுதிய மகானுபாவர்கள் உலகம் உள்ளவரை அது போதும் என்று நம்பி, முகவரி வரும் இடத்திலெல்லாம் பதினாறு என்று எண்ணாகவே எழுதிவைத்துவிட்டார்கள். இப்போது ஜப்பானில் ஒரு வாடிக்கையாளர் புது வகை முகவரி வேண்டும் என்றார். அதற்கு இருபத்தெட்டு பைட் வேண்டும். பதினாறில் அதைக் கொட்டினால் மீதி வழிந்து பக்கத்தில் இருப்பதை அழித்துவிடும்.

எந்த முகவரியும் அடங்கும்படி ஒரே பொது அமைப்பை உண்டாக்கி, கெர்னல் முழுக்கப் பழைய பதினாறுகளைக் களையவேண்டும். பெயர் வாங்கித் தராத வேலை, எல்லோரும் நழுவிக்கொண்டார்கள். பிரிஜெட்டுக்கோ அல்வா சாப்பிடுவது மாதிரி. அந்த மழைக்காலம் முழுவதும் கோப்பு கோப்பாகக் கூட்டிப் பெருக்கினாள்.

அந்த அலுவலகத்தில் ஒரு மரியாதை இருந்தது. ஒவ்வொரு நிரல் கோப்பும் யாரோ ஒருவருடையது. அவரைக் கேட்காமல் யாரும் அதில் கை வைப்பதில்லை. கேட்டவர்கள் எல்லோரும் தாராளமாகச் சரி என்றார்கள், மஞ்சுநாத்தைத் தவிர. சிவாஜிநகரில் வளர்ந்த கன்னடக்காரர், தமிழ் தண்ணீர் பட்ட பாடு. கம்பெனியிலேயே பழைய ஆள். அனுமதி மறுக்கப்பட்ட இணைப்புகளைக் குறித்துவைக்கும் கோப்பு அவருடையது.

"அது என்கிட்டயே இருக்கட்டும்மா, நானே பாத்துக்கறேன்" என்று வேறெங்கோ பார்த்தபடி சொல்லிவிட்டு, தங்கை கல்யாணத்துக்காகத் தும்கூருக்குக் கிளம்பிப்போனார். மாற்றிவிட்டேன் என்றா சொன்னார்? இல்லை. ஆனால் பிரிஜெட் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

பெட்டிகள் திங்கட்கிழமை கப்பலேறவேண்டும். சனிக்கிழமை காலை சோதனையில் ஒன்று படுத்தது. எழுப்பினால் கொஞ்ச நேரம் ஓடி மறுபடி படுத்தது. மேனேஜர் ரகுராம் சேலத்துக்காரர், கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"பிரிஜெட், சாயங்காலத்துக்குள்ள காரணம் தெரியணும். இல்லன்னா நீங்க பண்ணதை மொத்தமா எடுத்துட்டு, பழைய ப்ரோகிராம்லயே ஒட்டுப்போட்டு அனுப்பிடுவேன்."

"அப்புறமா திரும்பச் சேத்துக்கலாமா ரகு?"

"ஓடற பெட்டியை யாராவது கழட்ட விடுவாங்களா? உங்களுக்கே தெரியும்."

தெரியும். ஒரு மழைக்கால உழைப்பு குப்பைக்குப் போகும், அந்தப் பதினாறுகள் அப்படியே திரும்பிவரும். பிரிஜெட் தான் தொட்ட கோப்புகளை மறுபடி வரிவரியாகப் பார்த்தாள், எல்லாம் பளிச்சென்று இருந்தன. பிறகு, பெட்டி எப்போது படுக்கிறது என்று கவனித்தாள். புது வகை முகவரியிலிருந்து வரும் இணைப்பு மறுக்கப்படும்போது மட்டும்! மறுத்ததைக் குறித்துவைப்பது மஞ்சுநாத்தின் கோப்பு.

அப்போதும் திறக்கத் தயங்கினாள் பாருங்கள். படிப்பதை யாரும் தடுக்கவில்லை, பூட்டும் கிடையாது. ஆனாலும் பக்கத்து வீட்டுக் குடத்தின் முன் நிற்பவள்போலக் கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் திறந்தாள். பதினாறு அங்கே சௌக்கியமாக இருந்தது. அதற்கு மேலே 'இப்போதைக்கு மட்டும்' என்று ஒரு குறிப்பு. போட்டிருந்த வருஷம் தொண்ணூற்றேழு.

மஞ்சுநாத்தின் மொபைலுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் கெட்டிமேளம்.

"மஞ்சு, நான் பிரிஜெட். தப்பா நெனைக்காதீங்க, பெட்டி படுத்துடுச்சு. உங்க ஃபைலைத் தொறந்து பாத்துட்டேன்."

மேளச்சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மண்டபத்துக்கு வெளியே வந்துவிட்டார் போலிருக்கிறது.

"பதினாறு அப்படியே இருக்கா?" என்று அவரே கேட்டார்.

"இருக்கு."

"அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். "வேலைக்குச் சேந்த புதுசுல எழுதினதும்மா அது. பாதி எனக்கே வெளங்கல. நீ பாத்தா சிரிப்பேன்னு வெக்கம், நானே தொட்டா ஒடஞ்சிடும்னு பயம். எந்த ஊர்ல பெட்டி படுத்தாலும் மொதல்ல என்னுதுதானோன்னு தோணும். அஞ்சு வருஷம்மா, அஞ்சு வருஷம்!"

அவளுக்குக் கோபம் வந்திருக்கவேண்டும், நியாயமாக. வரவில்லை. காரணம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் கோபம் கரைந்துபோயிற்று. "நான் மாத்திடட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"மாத்தும்மா. பூரா மாத்திடு. ஒரு வரிகூட விடாதே."

அப்படிச் சொல்லும்போது அந்த மனிதர் குரலில் அழுகை இருந்ததா, நாகஸ்வரம் கலந்து அப்படிக் கேட்டதா தெரியவில்லை.

பிரிஜெட் பதினாறை எடுத்துவிட்டுப் பொது அமைப்பை வைத்தாள், எழுதுவதற்குமுன் அளவைச் சரிபார்க்க ஒரு வரி சேர்த்தாள். ரகுராம் நாற்காலியை இழுத்துப்போட்டு மாற்றத்தைத் தானே படித்தார். புது முகவரிகளிலிருந்து மறுக்கப்படும் இணைப்புகளாகவே பெட்டியின்மேல் கொட்டச் சொன்னார். பெட்டி அசையவில்லை. இன்னும் கொட்டினார்கள். ஓடிக்கொண்டே இருந்தது.

"எதையும் எடுக்க வேணாம். இப்படியே போகட்டும்" என்றார் ரகுராம். பிரிஜெட்டைவிட அவருக்குத்தான் அதிகமாக வியர்த்திருந்தது.

அவள் மேஜைக்குத் திரும்புவதற்குள் போன் அடித்தது.

"ஓடுதா?" என்றார் மஞ்சுநாத்.

"ஓடுது. நல்லா ஓடுது."

"அப்ப நான் போய்ப் பந்தியில உக்கார்றேன்."

"இன்னுமா உக்காரல?"

"கடைசிப் பந்தி நடக்குது. அம்மா ரெண்டு தடவை வந்து கூப்பிட்டுட்டாங்க. எப்படிம்மா எறங்கும்?"

முதலில் போய்ச் சாப்பிடுங்கள் என்று அவரை விரட்டிவிட்டு, பிரிஜெட் காலை நீட்டி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.